கால்மிதி மெஷின்

அந்த மழைக்காலத்துல எங்க தெருவுல காஞ்ச துணி வேணும்னா சாமியார் கடைக்குத்தான் வரணும், வேற வழி கிடையாது. வீட்டுக்கு வீடு கொடியில ஈரத்துணி நாறிக்கிட்டுக் கெடந்துச்சு. ஆம்பளைங்க முந்தாநாள் போட்ட சட்டையையே உதறிப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போனாங்க. சாமியார் கடையில மட்டும் காயவைக்கிற மெஷின் கடகடன்னு சுத்திக்கிட்டே இருக்கும். கடை வாசல்ல நின்னாலே சோப்பு வாசனையும் சூடான துணி வாசனையும் கலந்து மூஞ்சியில அடிக்கும். மழையில நனைஞ்சு வர்றவங்க வேலை இல்லாட்டியும் அங்க ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போவாங்க.

சாமியார்னா காவி கட்டின சாமியார் இல்ல. சலவைக்கடை நடத்தறவரு. அவருக்கு ஒரு பெரிய மெஷின், காயவைக்க ஒண்ணு, கடைக்குப் பின்னால ஒரு சின்ன மெஷின், இஸ்திரி போட அவரு சம்சாரம். இந்த அக்கா பேசறது குறைவு. பேசினா இஸ்திரிப் பெட்டியைவிடச் சூடா இருக்கும்.

நான் எதிர்க்கடை. தைக்கறது, பிரிக்கறது, ஜிப்பு மாத்தறது, கால் நீளமா இருந்தா குட்டையாக்கறது. என் கடைக்கும் அவங்க கடைக்கும் நடுவுல ஒரு கார் போற அகலம்தான். அவங்க வீட்டுல குழம்புல உப்பு கூடினாலும் எனக்குத் தெரிஞ்சுடும். அதனால நான் சொல்றதுல பாதி கண்ணால பாத்தது, மீதி அக்கா வந்து கொட்டினது.

மனுஷனுக்கு அந்தப் பேரு சும்மா வரல. காலையில காதுல வயரை மாட்டிக்கிட்டு யாராவது சாஸ்திரம் சொல்றதைக் கேப்பாரு. மத்தியானத்துக்குள்ள அது அவரு வாய்வழியா எங்க தலையில விழும். பாவாடை வாங்க வந்த பொம்பளை, ஆத்மான்னா என்னன்னு கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். "பால் அடுப்புல இருக்கு சாமியாரே"ன்னு கெஞ்சினாலும் விடமாட்டாரு. அதுலயும் எல்லாரும் சமம்னு ஆரம்பிச்சாருன்னா மழை தோத்துடும்.

"உள்ள பாருங்க"ன்னு பெரிய மெஷினோட கண்ணாடிக் கதவைத் தட்டுவாரு. "டாக்டர் வீட்டு மேஜைத்துணி, மீன்கடைக்காரர் லுங்கி, டீச்சரம்மா புடவை. யாரு யாரை இடிக்கறாங்க, யாரு மேல யாரு விழறாங்க, தண்ணிக்குத் தெரியுமா? எனக்குத் தெரிஞ்ச சாதி ரெண்டுதாம்மா. சாயம் போறது, சாயம் போகாதது."

கேக்கறவங்க சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன். நல்லாத்தான் சொல்லுவாரு.

ஆனா உக்காந்து, காது குடுத்து, மனசு வெச்சுக் கேட்டது ஒரே ஒரு ஆளுதான். எங்க தெருக்காரங்க டேங்க்காரர்னு சொல்றவரு. கக்கூஸ் தொட்டி நிறைஞ்சா உறிஞ்சி எடுக்குற லாரி இருக்கே, அதுல வேலை. ஓட்டறதும் அவருதான், குழாயை இறக்கறதும் அவருதான், அடைச்சுக்கிட்டா கையை விடறதும் அவருதான். மழைக்காலத்துல அவருக்கு நிக்க நேரம் இருக்காது. ஆனாலும் சாயங்காலம் வண்டியை அடுத்த தெருவுல நிறுத்திட்டு, குழாயடியில முழங்கை வரைக்கும் தேச்சுக் கழுவி, சட்டை மாத்தி, தலை சீவிக்கிட்டு வந்துடுவாரு. சலவைக்கடை வாசப்படிக்கு வெளியில ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவுத்துப் போட்டு உக்காருவாரு.

"உள்ள வாயேன் தம்பி"ம்பாரு சாமியார்.

"இங்கதாண்ணே காத்து வருது"ம்பாரு அவரு.

மழைச்சாரல் அடிக்கறப்பவும் அவருக்கு அங்கதான் காத்து வந்துச்சு. சாமியாரும் ரெண்டாவது தடவை கூப்பிட்டதில்ல.

வாய்ச்சவடால் பேசற ஆளு இல்ல டேங்க்காரர். ஆனா குறும்பு உண்டு. ஒருநாள் இப்படித்தான்:

"அண்ணே, ஒரு சந்தேகம்."

"கேளு தம்பி, கேளு."

"படிச்ச பெரியவரையும் பசுவையும் நாயையும் ஞானி ஒரே கண்ணால பாப்பான்னு நேத்து சொன்னீங்க."

"ஆமாப்பா. சமமாப் பாப்பான்."

"சரி, அவன் பாக்கறான். அந்த நாய் அதைப் பத்தி என்ன நெனைக்குதுன்னு அதுல எங்கயாவது சொல்லியிருக்கா?"

அக்கா சிரிச்ச சிரிப்புல ஒரு காலரு மடிப்பு கோணிப் போச்சு.

"நாய் எதுக்குப்பா நெனைக்கணும்?"ன்னு சாமியார் முழிக்கறாரு.

"இல்லண்ணே. ஞானி பாட்டுக்குச் சமமாப் பாத்துட்டு, மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டுப் போயிடறான். நாய்க்குத் தெரியவேணாமா? தெரிஞ்சாத்தானே அதுவும் வாலை ஆட்டும்?"

"உன்னையெல்லாம் வெச்சுக்கிட்டு நான் வேதாந்தம் சொல்றேன் பாரு"ன்னு சாமியாரும் சிரிச்சுட்டாரு.

இன்னொரு நாள் சாமியார் வேற ஒண்ணு சொன்னாரு. எல்லா உயிரையும் தனக்குள்ள பாக்கறவன், தன்னை எல்லா உயிருக்குள்ளயும் பாக்கறவன், அவனுக்கு எதைக் கண்டும் அருவருப்பு வராதுன்னு. அன்னிக்கு டேங்க்காரர் கேலி எதுவும் பண்ணல. கொஞ்ச நேரம் மழையைப் பாத்துட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே"ன்னாரு. சாமியார் சொன்னாரு. "அருவருப்பே வராதுன்னா போட்டிருக்கு?"ன்னு திரும்பக் கேட்டாரு. "வரவே வராது"ன்னு சாமியார் அடிச்சுச் சொன்னாரு. டேங்க்காரர் அதை வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டுப் போனாரு.

அவருக்கு ஒரே பொண்ணு. அம்மா போய்ச் சேந்தாச்சு, அப்பன்தான் வளத்தது. மருந்துக்கடையில வேலை பாக்குது, கூட வேலை பாக்கற பையனையே பிடிச்சுப் போச்சு. ரெண்டு வீடும் ஒத்துக்கிட்டாங்க. பதிவு ஆபீஸ்ல கையெழுத்து, மாடியில ஒரு ஹாலைப் பிடிச்சுச் சாப்பாடு, அவ்வளவுதான் கல்யாணம். பொண்ணு வீட்டு ஆளுங்க எல்லாரும் ஒரே நிறத்துல வரணும்னு அது ஆசைப்பட்டுச்சு. அரக்கு நிறத்துல ஒரே துணியா எடுத்துக்கிட்டு என்கிட்டதான் வந்துச்சு. மாமன், சித்தப்பன், அவங்க பிள்ளைங்க எல்லாருக்கும் வெட்டினேன். அப்பன் சட்டைக்கு மட்டும் அந்தப் பொண்ணு என் மெஷின் பக்கத்துலயே நின்னு, "அக்கா, காலரு நல்லா நிக்கணும், பட்டன் நல்லதா வைங்க"ன்னு உயிரை வாங்கிடுச்சு.

சட்டையைப் போட்டுப் பாக்க டேங்க்காரர் வந்தப்ப சாமியாரும் என் கடைக்கு வந்து பாத்தாரு. சும்மா சொல்லக்கூடாது, மாப்பிள்ளையே இவருதான்னு சொல்லலாம், அப்படி இருந்துச்சு. மனுஷன் கண்ணாடியைவிட்டு நகரல.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னாரு. "பின்னால நின்னுக்கறேன்னுதான் பொண்ணுகிட்ட முதல்ல சொன்னேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான் கை கழுவற இடத்துப் பக்கமா நின்னுக்குவேன். பழகிடுச்சு. யாரும் மூக்கைச் சுளிக்கறதுக்கு முன்னால நானே தள்ளி நின்னுட்டா வம்பில்ல பாருங்க. அது கேக்கல. 'மேடையில என் பக்கத்துல நிக்கணும், இல்லாட்டி கல்யாணமே வேணாம்'னு அழுதுச்சு. நானும் யோசிச்சேன். இவ்வளவு நாளா உங்க பேச்சைக் கேக்கறேன். ஏன் நிக்கக்கூடாது? வாக்குக் குடுத்துட்டேண்ணே. நிக்கப்போறேன்."

சாமியாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "இதுக்குத்தான் தம்பி இவ்வளவு நாளும் நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேன்"னாரு.

அந்தச் சந்தோஷத்துல நான் டீ சொன்னேன். மூணு பேரும் நின்னுக்கிட்டே குடிச்சோம். சாமியார் ஏதோ சொல்லப்போக, டேங்க்காரர் சிரிச்சு, புரை ஏறி, டீ முழுக்க சட்டை நெஞ்சுல கொட்டிருச்சு.

"ஐயையோ!"

"அட விடுப்பா, டீக்கறைதானே. பச்சத்தண்ணியில அலசினாலே போயிடும்"னாரு சாமியார். "கழட்டிக் குடு. நாளைக்குச் சாயங்காலம் இஸ்திரி போட்டு, மடிச்சு, கையில குடுக்கறேன்."

"வீட்டுல அலசலாம்தான். இந்த மழையில கல்யாணத்துக்குள்ள காயாது."

"வீட்டுல எதுக்கு? நான் செத்தா போயிட்டேன்?"

டேங்க்காரர் கழட்டிக் குடுத்தாரு. அவரு துணின்னு அந்தக் கடைக்குள்ள போனது அதுதான் முதல் தடவை. அன்னிக்கு எனக்கு அது உறைக்கல.

மறுநாள் மத்தியானம். அக்கா என் கடையில ஒரு தலையணை உறைக்கு ஜிப்பு வெச்சு வாங்கிக்கிட்டுக் கடைக்குப் போச்சு. போன வேகத்துல திரும்பி வந்துச்சு. மழையில செருப்பு இல்லாம, தலையில முந்தானை இல்லாம.

"வா"ன்னுச்சு. அவ்வளவுதான். நான் கத்திரியைப் போட்டுட்டு ஓடினேன்.

கடைக்குப் பின்னால, தண்ணித்தொட்டி பக்கத்துல, அந்தச் சின்ன மெஷின் இருக்குற இடம். அதுல போடறது கால்மிதி, தரை துடைக்கற துணி, நாய் படுக்கற போர்வை, இந்த மாதிரி. ஜனங்க உடுத்தற துணியை அதுல போடமாட்டாங்க. அந்த மெஷினுக்குன்னு மேல தட்டுல ப்ளீச் டப்பா ஒண்ணு இருக்கும். கால்மிதியைப் போட்டு, சோப்பைப் போட்டு, அந்த டப்பாவைக் கவுத்து ஒரு மூடி. அதுக்கப்புறம்தான் பட்டனை அழுத்துவாரு.

சாமியார் அந்த மெஷின் முன்னால குந்தியிருந்தாரு. கையில அரக்குச் சட்டை. நெஞ்சுல திட்டுத்திட்டா வெளுத்து, முதுகுல ஒரு பக்கம் பூரா செம்பட்டை ஏறி, காலரு மஞ்சளா இருந்துச்சு. நான் பாத்துப் பாத்து வெச்ச காலரு.

"கலர்த்துணியில ப்ளீச்சா?"ன்னேன் நான். இந்தத் தொழிலுக்கு நேத்து வந்தவன்கூடச் செய்யமாட்டான். இவரு வேட்டைநாய் மாதிரி துணியை மோந்து பாத்தே என்ன ரகம்னு சொல்ற ஆளு.

"கை போயிடுச்சும்மா"ன்னாரு. "அந்த மெஷின்ல எதைப் போட்டாலும் கை தானா டப்பாவுக்குப் போயிடும். பழக்கம். நான் பாக்கவே இல்ல."

"அது சரி"ன்னுச்சு அக்கா. "ப்ளீச் பழக்கத்துல போச்சு. சட்டை எதுக்கு இந்த மெஷினுக்கு வந்துச்சு?"

"பெருசுல லோடு இருந்துச்சு."

"எங்க இருந்துச்சு? பெரிய மெஷின் கதவைத் திறந்து போட்டுட்டுத்தான் நான் போனேன். இப்பவும் திறந்துதான் கெடக்கு. வாங்க, வந்து பாருங்க."

அவரு எழுந்திருக்கல.

"கலர்லோடு ஒண்ணு மேஜை மேல பிரிச்சு வெச்சிருந்தேன். டீச்சரம்மா வீட்டுது, மளிகைக்கடைக்காரர் வீட்டுது. அதோட சேத்துப் போடுங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்னே."

"அப்புறம்?"

"கையில எடுத்தேன். எல்லாத்தையும் ஒண்ணாத்தான் எடுத்தேன்." அவரு குரல் தேஞ்சு போச்சு. "டீச்சரம்மா புடவைக்கு மேல இந்தச் சட்டை இருந்துச்சு. சரி, அவங்களுக்குத் தெரிஞ்சா ஏதாவது சொல்லுவாங்களோன்னு ஒரு இது. அப்படின்னு நெனைச்சேனா, இல்ல அதுக்கு முன்னாலயே தனியா எடுத்துட்டு அப்புறமா நெனைச்சேனான்னு தெரியல. இங்க கொண்டாந்துட்டேன்."

"அது டீக்கறைங்க. டீக்கறை."

"தெரியும்."

"உங்க கண்ணு முன்னால கொட்டின டீ!"

"தெரியும்டி!"ன்னு கத்தினாரு. கத்திட்டு மூஞ்சியை மூடிக்கிட்டாரு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. வாய் ஓயாம சமம் சமம்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணுவாரா ஒரு மனுஷன்? நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும்னுதான் வாயைத் திறந்தேன். அவரா பேச ஆரம்பிச்சுட்டாரு.

"எங்கப்பா வீடு வீடாப் போய் அழுக்குத்துணி எடுப்பாரும்மா. நானும் மூட்டை தூக்கிட்டுப் போயிருக்கேன். பின்வாசல்லதான் நிக்கணும். ஒரு வீட்டுல அந்தம்மா துணியைக் கையால எடுத்துக் குடுக்காது. ஒரு குச்சி வெச்சிருந்துச்சு. குச்சியால தள்ளிவிடும். சோறு போடாட்டி போகுது, கையால எடுத்துக் குடுக்கலாம்ல? அதுக்குத்தான் நான் இந்தச் சாஸ்திரத்தையெல்லாம் கேக்கவே ஆரம்பிச்சேன். இப்படித்தான் செய்யணும்னு எங்கயாவது சொல்லியிருக்கான்னு பாக்க. சொல்லல. எல்லாம் ஒண்ணுன்னுதான் இருந்துச்சு. எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா?" மூக்கை உறிஞ்சினாரு. "அந்தக் குச்சி என் கைக்கு எப்படிம்மா வந்துச்சு?"

மிச்சத் துணி என்கிட்ட கைக்குட்டை அளவுகூட இல்ல. குடையை எடுத்துக்கிட்டு அந்தத் துணி எடுத்த கடைக்குப் போனேன். அந்த நிறம் தீந்து போச்சுன்னுட்டாங்க. இன்னும் ரெண்டு கடை ஏறி இறங்கினேன். ரத்தச்சிவப்பு இருந்துச்சு, பாக்குநிறம் இருந்துச்சு, அரக்கு இல்ல. நான் திரும்பி வந்தப்ப சாமியார் ஏதோ சாயத்தைக் கரைச்சு முக்கிப் பாத்துட்டு, அது இன்னும் சேறு மாதிரி ஆகி, அதை மேஜை மேல போட்டுட்டு உக்காந்திருந்தாரு.

சாயங்காலம் டேங்க்காரர் வந்தாரு. எப்பவும் போல முகம் கழுவி, தலை சீவி. அன்னிக்கு அவரு கூடையைக் கவுத்துப் போடல. சட்டையை வாங்கறதுக்காக நேரா வாசப்படியைத் தாண்டி உள்ள வந்துட்டாரு. நான் அக்கா பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன்.

"என்னண்ணே, மாப்பிள்ளைச் சட்டை ரெடியா?"

சாமியார் எடுத்துக் காட்டினாரு. டேங்க்காரருக்கு முதல்ல அது தன்னோடதுன்னே தெரியல. அப்புறம் பட்டனைப் பாத்தாரு.

"என்னாச்சு?"

"தம்பி, சாயம் நிக்கல." சாமியார் அவரைப் பாக்கல, சட்டையைத்தான் பாத்தாரு. "துணி சரியில்ல போல. தண்ணி பட்டதும் விட்டிருச்சு."

அக்கா கையில இருந்த இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்னுடுச்சு.

டேங்க்காரர் சட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "ஏமாத்திட்டான் பாத்தீங்களா. பிள்ளை பேரம்கூடப் பேசலண்ணே, நல்ல துணின்னு நம்பி வாங்குச்சு. இப்ப மத்தவங்க சட்டையும் இப்படித்தான் ஆகுமா? மேடையில வேர்த்தா ஒழுகுமா?" போனை எடுத்தாரு. "பொண்ணுகிட்ட சொல்லி முதல்ல அந்தக் கடைக்காரனை..."

கருகற வாசனை வந்துச்சு. அக்கா பெட்டியை யாரோ ஒருத்தர் சட்டை மேலயே வெச்சிருந்துச்சு. எடுக்கல. புருஷனையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

"போனை வை தம்பி"ன்னாரு சாமியார். "துணி மேல தப்பில்ல. சாயம் போகல. நான்தான் போக்கிட்டேன்."

"புரியலண்ணே."

"பின்னால இருக்கற மெஷின்ல போட்டேன்."

"கால்மிதி மெஷின்லயா?"

"ஆமா."

அத்தனை நாளா வாசல்ல உக்காந்து பாத்த ஆளு. எந்த மெஷின்ல எது போகும்னு அவருக்குச் சொல்லவேண்டியதில்ல. பெரிய மெஷின்ல டீச்சரம்மா வீட்டுத் துணி சுத்திக்கிட்டிருந்துச்சு.

"தனியாவா?"

"தனியா."

"ப்ளீச் ஊத்தி."

"ஊத்தி."

டேங்க்காரர் சட்டையை மேஜை மேல விரிச்சு, கையை உள்ள மடக்கி, பொறுமையா மடிச்சாரு. அவரு மூஞ்சியைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. ஆனா நிமிந்தப்ப மனுஷன் சிரிச்சாரு.

"இதுக்கா இப்படி இடி விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? என்னண்ணே நீங்க. நானே என் துணியை வீட்டுல தனி வாளியிலதான் போடுவேன். பொண்ணு துணியோட சேக்கவே மாட்டேன். நம்ம தொழில் அப்படி. இங்க ஊர்த்துணி பூரா வர்ற மெஷின். பாத்துத்தானே போடணும்? நீங்க செஞ்சது சரிதான்."

"அது வேலைக்குப் போட்டுப்போன சட்டை இல்லையே தம்பி. புதுசு."

"சட்டை புதுசுதான்"ன்னாரு. அப்புறம் மெதுவா, "போட்டவன் பழசு"ன்னாரு.

"என்னைத் திட்டுப்பா. செருப்பைக் கழட்டி அடி. உன் கால்ல விழறேன், என்னைத் திட்டு."

"எதுக்குத் திட்டணும்? நான்தாண்ணே மறந்துட்டேன். உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு, நான் யாருங்கறதே மறந்து போச்சு."

"என் சட்டை ஒண்ணு இருக்கு. புதுசு. உடுத்தவே இல்ல. அதைப் போட்டுக்கோ."

"உங்க சட்டை எனக்குத் தொளதொளன்னு கோணிப்பை மாட்டினாப்பல இருக்கும். விடுங்கண்ணே." வாசப்படிக்கு வெளியில போய் நின்னுக்கிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாரு. "கல்யாணத்துக்கு வந்துடுங்க. அண்ணி, நீங்களும் வந்துடுங்க. தையக்காரம்மா, மறக்காம."

அவரு போனதுக்கப்புறம் அக்கா கருகின சட்டையைத் தூக்கிப் பாத்துச்சு. "திட்டிட்டுப் போயிருந்தா இன்னிக்கு ராத்திரி தூங்கியிருக்கலாம்"னுச்சு. ஆனா சாமியார் மனசுல ஒரு மூலையில கொஞ்சம் நிம்மதி வந்திருச்சு, அது எனக்குத் தெரிஞ்சுச்சு. அவனே சரின்னு சொல்லிட்டானேங்கற நிம்மதி. கடையைச் சாத்தறப்ப என்கிட்ட, "பாத்தியாம்மா, வீட்டுலயே தனி வாளியாம்"னு ஒரு தடவை சொன்னாரு.

கல்யாணத்தன்னிக்கும் மழைதான். ஹால்ல ஈரக்குடைங்க சுவரோரமா வரிசையா நின்னு தண்ணி சொட்டுது. மேடையில பொண்ணு, மாப்பிள்ளை, அவங்களைச் சுத்தி நான் தைச்ச அரக்குச் சட்டைங்க. ஒவ்வொண்ணும் கச்சிதமாத்தான் இருந்துச்சு. எனக்குப் பாக்கப் பிடிக்கல.

டேங்க்காரர் ஹாலுக்குப் பின்னால, கை கழுவற தொட்டி பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. வெளுத்துப்போன ஒரு கட்டம்போட்ட சட்டை. வர்றவங்களுக்கெல்லாம் கை துடைக்கக் காகிதம் எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தாரு, என்னவோ அதுக்குத்தான் வந்த மாதிரி. எங்களைப் பாத்ததும் எழுந்து, "வாங்கண்ணே, முன்னால போய் உக்காருங்க. சாப்பாடு சூடா இருக்கு, சாப்பிட்டுத்தான் போகணும்"னாரு. குரல்ல ஒரு குறையும் இல்ல.

நாங்க முன்னால போறதுக்குள்ள அந்தப் பொண்ணு மேடையை விட்டு இறங்கி வந்துடுச்சு. நேரா சாமியார்கிட்ட.

"பெரியப்பா"ன்னுச்சு. அப்பன் அண்ணன்னு கூப்பிடறவரை வேற எப்படிக் கூப்பிடும்? "நீங்களாவது அப்பாகிட்ட சொல்லுங்க. மேல வரவே மாட்டேங்கறாரு. சட்டை பாழாயிடுச்சு, எல்லாரும் ஒரே நிறத்துல நிக்கறப்ப நான் மட்டும் வேற நிறத்துல நின்னா நல்லா இருக்காதுங்கறாரு. நிறமா பெரியப்பா முக்கியம்? முந்தாநேத்து வரைக்கும் குளிச்சதும் கண்ணாடி முன்னால நின்னு, எப்படி நிக்கணும், கையை எங்க வெச்சுக்கணும்னு என்னைக் கேட்டுக்கிட்டிருந்தவரு. உங்க பேச்சுன்னா கேப்பாரு. எது சொன்னாலும் பெரியவர் சொன்னாரு, பெரியவர் சொன்னாருன்னுதான் சொல்லுவாரு."

சாமியார் நெத்தியில வேர்வை. "அம்மா, சட்டையைப் பாழாக்கினது நான்தாம்மா."

"சொன்னாரு. மெஷின்ல ஏதோ கோளாறுன்னாரு. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

அங்கயே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா அவரால முடியல.

"கோளாறு இல்லம்மா. நான் தனியாப் போட்டுட்டேன். கால்மிதி போடற மெஷின்ல. மத்தவங்க துணியோட சேக்காம." அந்தப் பொண்ணு மூஞ்சி மாறுது. அதைப் பாத்ததும் இவருக்குப் பதட்டம். எதையாவது பிடிச்சுக்கணுமே. "உங்கப்பாகிட்ட எல்லாம் சொல்லிட்டேம்மா. அவரு தப்பா எடுத்துக்கல. வீட்டுலயே அவரு துணிக்குத் தனி வாளிதான், உன் துணியோட சேக்கறதே இல்லன்னு அவரே..."

"தனி வாளியா?"ன்னுச்சு பொண்ணு.

"அவரேதாம்மா சொன்னாரு."

"எங்க வீட்டுல இருக்கறதே ஒரு வாளிதான் பெரியப்பா."

அது கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தாத் தேவலை.

"அம்மா இருந்தப்பவும் சரி, இப்பவும் சரி, அவரு வேலைக்குப் போட்டுட்டு வர்ற துணியும் என் துணியும் ஒண்ணாத்தான் ஊறும். நான்தான் துவைக்கறேன். ஒருநாளும் தனியாப் போட்டதில்ல. தனியாப் போடுன்னு அவரும் சொன்னதில்ல." உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னுச்சு. "உங்களுக்கு மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு அப்படிச் சொல்லியிருக்காரு."

சொல்லிட்டு அது அப்பன்கிட்ட போச்சு. என்ன பேசினாங்கன்னு எங்களுக்குக் கேக்கல. அவரு தலையை ஆட்டறாரு, மேடையைக் காட்டறாரு, போ போங்கறாரு. அது போகல. பக்கத்துல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கல்யாணப் புடவையோட, அந்தத் தொட்டி பக்கத்து ஈரத்துலயே உக்காந்துடுச்சு. மாப்பிள்ளை மேடையிலேர்ந்து பாத்தான். எதுவும் கேக்காம இறங்கி வந்து இந்தப் பக்கம் நின்னான். மாமன், சித்தப்பன், பிள்ளைங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து சேந்தாங்க. படம் எடுக்கறவன் விளக்கைத் தூக்கிக்கிட்டு ஹாலோட இந்தக் கோடிக்கு ஓடி வந்தான்.

அக்காவும் என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் அந்தக் கூட்டத்துல நின்னுச்சு.

சாமியார் வரல. இருந்த இடத்துலேர்ந்து பின்னால நகந்து நகந்து, ஈரக்குடைங்க நிக்கற சுவர்கிட்ட போய்ட்டாரு. இஸ்திரி கலையாத வெள்ளைச்சட்டை, பக்கத்துல யாரும் இல்ல.

டேங்க்காரர்தான் கவனிச்சாரு.

"அண்ணே, எங்க போய் நிக்கறீங்க? இங்க வாங்க. எம் பக்கத்துல இடம் இருக்கு."

சாமியார் தலையை ஆட்டினாரு, வர்றேன்னு. கால் நகரல.

"ஒருத்தரும் அசையாதீங்க, எடுக்கப்போறேன்"னான் படம் எடுக்கறவன்.

"இருப்பா. எங்கண்ணன் வரணும்"னாரு டேங்க்காரர். கையை நீட்டிக்கிட்டு, அங்கிருந்தே, விடாம கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு.